மவுசுக்கு மட்டும் நியாயம்

அவர் மனதார இரக்கப்பட்டது ஒன்றே ஒன்றின்மேல்தான்: ஆயிரம் ரூபாய்க்குக் கீழே விற்கும் வயர்லெஸ் கேமிங் மவுஸ். மனிதர்கள், தெருநாய்கள், மழையில் நனையும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் எதுவும் அவரை அசைக்காது. ஆனால் மலிவான மவுஸ் ஒன்று மேஜைமேல் வந்து உட்கார்ந்துவிட்டால் அவர் முகம் அப்படியே இளகிவிடும். பார்க்கிற நமக்குத்தான் எங்கே போய் முட்டிக்கொள்வது என்று இருக்கும்.

அவரிடம் நான் இரண்டரை வருடம் வேலை பார்த்தேன். பெங்களூர் மல்லேஸ்வரத்தில், சேலைக்கு ஃபால் தைக்கும் கடைக்கு மேலே, மூன்று அறை கொண்ட ஆபீஸ். விலை குறைந்த கம்ப்யூட்டர் சாமான்களைச் சோதித்துப் பார்த்து, வாங்கலாமா வேண்டாமா என்று சொல்லும் இணையதளம். முதலாளி, ஆசிரியர், தலைமை நீதிபதி எல்லாம் அவரே. விளையாடிப் பார்ப்பதும் வீடியோ எடுப்பதும் நவீன். எழுதுவது நான். ஒவ்வொரு கட்டுரைக்கு மேலும் ஷீலா என்று என் பெயரும், பல்லெல்லாம் தெரிய நான் சிரிக்கும் படமும் இருக்கும். அவர் பெயர் தளத்தில் எங்கு தேடினாலும் கிடைக்காது. அது அடக்கம் என்று முதல் ஒரு வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு அப்பாவியாக இருந்திருக்கிறேன்.

ஒரு மவுஸ் வந்தால் அதைப் பிரிப்பதே பெரிய சடங்கு. கத்தரிக்கோல் கூடாது. நகத்தால் ஸ்டிக்கரைக் கிள்ளி, பெட்டி கிழியாமல் திறந்து, உள்ளே இருப்பதை இரண்டு கையாலும் எடுத்து வைப்பார். சமையலறைத் தராசில் எடை போடுவார். பெட்டியின்மேல் கம்பெனிக்காரன் தாராளமாக அளந்துவிட்டிருப்பான். இத்தனை ஆயிரம் டிபிஐ, இத்தனை மாதம் பேட்டரி, இத்தனை கோடி கிளிக். நவீன் சோதித்துப் பார்த்தால் அதில் பாதிகூடத் தேறாது.

"சார், பாக்ஸ்ல போட்டிருக்கறது எல்லாம் சுத்தப் பொய் சார். பாதிகூட வரல."

"பாக்ஸ்ல எழுதினவன் எவனோ ஒருத்தன். அதுக்கு மவுஸ் என்ன பண்ணும் நவீன்? அதுவா எழுதிக்கிச்சு?"

மவுசுக்குப் பத்துக்கு ஏழு மார்க் விழும். எல்லா மவுசுக்கும் ஏழுதான். மிக மோசமானதற்கு ஆறரை. அதைப் போடும் அன்று அவர் மத்தியானச் சாப்பாட்டைப் பாதியில் மூடி வைத்துவிடுவார்.

ஒரு முறை வெள்ளை மவுஸ் ஒன்று வந்தது. மூன்றாம் நாளே அதன் இடது பட்டன் கழன்று நவீன் மடியில் விழுந்தது. நான் நிம்மதியாக, 'இதை வாங்காதீர்கள்' என்று எழுதி முடித்துவிட்டேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ரைட் பட்டன் எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு சார்."

"வீல்?"

"சுத்துது."

"லைட்டு?"

"எரியுது சார்."

"அப்போ ஒண்ணே ஒண்ணுதான் போயிருக்கு. அத மட்டும் பிடிச்சிக்கிட்டு சும்மா திட்டறீங்களேம்மா. எண்ணூறு ரூபா மவுசு அது. பாவம். அதுகிட்டப் போய் ஆறாயிரம் ரூபா மவுசோட வேலைய கேட்டா என்ன நியாயம்?"

மவுசுக்கு இடது பட்டன் இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது ஆறாயிரம் ரூபாய் ஆசை என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. 'இடது பட்டனைச் சற்று மென்மையாகக் கையாளவும்' என்று கட்டுரை வெளியானது, என் சிரித்த முகத்துக்குக் கீழே.

அவர் லஞ்சம் வாங்கியிருந்தால் நான் மன்னித்திருப்பேன். லஞ்சம் வாங்குகிற மனிதரைப் புரிந்துகொள்வது சுலபம். இவர் கம்பெனிக்காரர்களிடம் ஒரு பைசா வாங்கமாட்டார். தீபாவளிக்கு ஒரு கம்பெனி அனுப்பிய ஸ்வீட் பெட்டியைக்கூட அப்படியே திருப்பி அனுப்பிய உத்தமர். மைசூர்பாகு வாசனை வந்த அந்தப் பெட்டி படியிறங்கிப் போவதை நவீனும் நானும் கண்ணால் வழியனுப்பினோம். அவருடைய தீர்ப்பு முழுக்க முழுக்க அவர் மனசாட்சியிலிருந்தே வந்தது. அதுதான் தாங்க முடியவில்லை.

இத்தனைக்கும் அவர் வாழ்நாளில் ஒரு கேம் விளையாடியதில்லை. சீட்டாட்டத்தைக் கம்ப்யூட்டரில் போட்டு, ராணியை ராஜாவின்மேல் இழுத்து வைத்துப் பார்ப்பார். அதுவே அவருடைய போர்க்களம். மவுசைப் பிடிப்பதும், சூடான இட்லியைத் தட்டிலிருந்து எடுக்கிற மாதிரி விரல் நுனியால். "ஸ்மூத்தா போகுது பாருங்க" என்பார். சீட்டை இழுக்க எந்த மவுசும் ஸ்மூத்தாகத்தான் போகும். நவீன் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "சக்கத் சார்" என்று கன்னடத்தில் பாராட்டுவான்.

மனிதர்களிடம் அவருடைய நியாயம் வேறு மாதிரி. ஆபீஸைப் பெருக்கித் துடைக்க ரோசம்மா என்று ஒரு அம்மா, இரண்டு பஸ் மாறி வருவார்கள். ஒருநாள் பத்து நிமிடம் பிந்திவிட்டது. முதலாளி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்.

"பஸ்ஸே வரல சார். முக்கா மணி நேரம் நின்னேன்."

"பஸ் வராதது பஸ்ஸோட தப்பு. லேட்டா வந்தது உங்க தப்பு. ரெண்டையும் கலக்காதீங்க."

பெட்டியில் பொய் எழுதியவன் வேறு, மவுஸ் வேறு என்று முந்தின நாள் எங்களுக்கு உருகி உருகிச் சொன்ன அதே வாய்தான். ரோசம்மா துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போனார்கள். அன்று முழுக்க எனக்கு எரிச்சல் அடங்கவில்லை. ஆனாலும் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நவீனுக்குச் சிக்குன்குனியா வந்தபோதும் அப்படித்தான். வலது கை விரல்களை மடக்க முடியவில்லை. இரண்டு நாள் லீவு கேட்டான். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "லெஃப்ட் ஹேண்ட் நல்லா இருக்குல்ல? அதுல பண்ணுங்க. இடது கைக்காரங்களுக்கு எப்படி இருக்குன்னு ஒரு டெஸ்டும் ஆன மாதிரி இருக்கும்" என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை. நவீனிடமிருந்தும் ஒரு பட்டன்தான் போயிருக்கிறது என்று உண்மையாகவே கணக்குப் போட்டிருக்கிறார். "இவரு வேற லெவல் குரு" என்று நவீன் என்னிடம் கன்னடத்தில் பெருமூச்சு விட்டான். இடது கையால் செய்தும் காட்டினான். அந்த மவுசுக்கும் ஏழு.

இப்போது சோதனை நாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். வயர்லெஸ் மவுசுக்கு நகம் அளவுக்கு ஒரு ரிசீவர் உண்டு. அதைக் கம்ப்யூட்டரில் செருக வேண்டும். அந்த ரிசீவரும் வைஃபையும் காற்றில் ஒரே பாதையில் போகிறவை. மலிவான மவுஸ் என்றால், பக்கத்தில் வைஃபை ஓடும்போது திணறும். திரையில் அம்பு நின்று நின்று குதிக்கும். அதனால் சோதனை நாளில் ஆபீஸில் வைஃபை கிடையாது. எங்கள் ஃபோன்கள் எல்லாம் ஏரோப்ளேன் மோடில் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் போய்விடும். ரிசீவரை நீளமான வயரில் மாட்டி, மவுசுக்கு முன்னால் ஒரு சாண் தூரத்தில், தாயும் பிள்ளையும்போல வைப்பார்.

"எக்ஸாம் ஹால்ல பக்கத்துல ஒருத்தன் கத்திட்டிருந்தா எந்தப் பையன் ஒழுங்கா எழுதுவான்? மவுசுக்கு நியாயம் கிடைக்கணும்ல?"

மவுசுக்கு நியாயம் கிடைக்கும். நெட் தேவைப்படாத பழைய கேம் ஒன்றை நவீன் ஓட்டுவான். அம்பு வழுக்கிக்கொண்டு போகும். அவர் கைகட்டிப் பார்த்துக்கொண்டு நிற்பார். பெங்களூரில் வைஃபை இல்லாத வீட்டில் உட்கார்ந்து எவன் கேம் விளையாடுகிறான் என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அரை மணி நேரம் ஃபோன் தொல்லை விட்டதே என்று எனக்கு அதில் சந்தோஷம்கூட இருந்தது.

என் அக்கா ஸ்டெல்லா, வீட்டுக்காரரோடு காக்ஸ் டவுனில் இருக்கிறாள். அவரை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். மாமா ஒரு தொழிற்சாலையின் ஸ்டோரில் வருடக்கணக்காக வேலை பார்த்தவர். விருப்ப ஓய்வு கொடுத்தார்கள். கிடைத்ததை வைத்து, ஒரு பேக்கரிக்கு மேலே சின்ன ஹாலைப் பிடித்து கேமிங் சென்டர் ஆரம்பித்தார். பதினாலு கம்ப்யூட்டர். சுவரில் துளை போடக் கூடாது என்று கட்டட ஓனர் கறாராகச் சொல்லிவிட்டதால் எல்லாவற்றுக்கும் வைஃபைதான். மேஜைமேல் ஒரு வயர்கூடத் தெரியக் கூடாது என்பது அக்காவின் ஆசை. பக்கத்துக் கல்லூரிப் பிள்ளைகள் ஒரு கூட்டம், திறப்பு நாளில் அங்கேயே ஒரு போட்டி வைக்கிறோம், பிடித்திருந்தால் வாராவாரம் வருகிறோம் என்று சொல்லியிருந்தார்கள். மாமா அவர்களை நம்பித்தான் கதவைத் திறந்தார். அவர்கள் வந்தால் சென்டர் நிற்கும், வராவிட்டால் அவருக்குத் திரும்பிப் போக வேலை கிடையாது.

திறப்புக்கு இரண்டு வாரம் முன்னால் ஃபோன் செய்தார்.

"ஷீலா, நீ எழுதினத படிச்சேன்மா. கருப்பு மவுசு ஒண்ணு, ஏழு மார்க் குடுத்திருக்கியே. அதுல பதினாலு வாங்கலாம்னு இருக்கேன். வாங்கட்டுமா?"

வேண்டாம் மாமா என்று சொல்ல இரண்டு நொடி போதும். "இந்த விலைக்கு நல்லதுதான் மாமா" என்றேன். அது என் வாக்கியம் இல்லை. இரண்டரை வருடமாகத் தினமும் கேட்டுக் கேட்டு முதலாளியின் நாக்கு எனக்கும் முளைத்துவிட்டது. நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

ஞாயிற்றுக்கிழமை, இரண்டாம் பூசை முடிந்து ஃபாதர் வந்து ஹாலில் தீர்த்தம் தெளித்து ஜெபம் செய்தார். கீழே பேக்கரியிலிருந்து அக்கா பப்ஸ் வாங்கி வைத்திருந்தாள். பிள்ளைகள் பதினாலு பேரும் உட்கார்ந்தார்கள். ஒரே அறையில் பதினாலு ரிசீவர், நடுவில் வைஃபை பெட்டி, எல்லார் பையிலும் ஃபோன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

"அங்கிள், மவுஸ் ஜாம் ஆகுது."

"அங்கிள், எனக்கும்."

"நான் இங்க அசைச்சா அங்க அப்புறமா அசையுது அங்கிள்!"

மாமா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ஒவ்வொரு நாற்காலியாகக் குனிந்து, "ஸாரிப்பா, ஒரு நிமிஷம்ப்பா" என்று போய்க்கொண்டே இருந்தார். மவுசைத் துணியால் துடைத்துப் பார்த்தார். பேட்டரியைக் கழற்றி மாட்டினார். அரை மணி நேரம் கழித்துப் பிள்ளைகள் மரியாதையாகவே எழுந்து, வேறு இடத்துக்குப் போட்டியை மாற்றிக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மீந்த பப்ஸை அக்கா பெட்டியில் திரும்ப அடுக்கினாள். மாமா என்னிடம் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை.

மறுநாள் ஆபீஸில் அவர் முன்னால் போய் நின்றேன். என் வாழ்க்கையில் முதலாளி ஒருவரிடம் குரல் உயர்த்திப் பேசியது அன்றுதான். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண்ணை மூடிக் கேட்டார்.

"எத்தனை மவுசு?"

"பதினாலு சார்."

"ஒரே ரூம்லயா?"

"ஆமா சார்."

"அய்யோ பாவம்மா." அவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "அதுங்கள அப்படி நெருக்கிப் போடலாமா?"

பரிதாபம் மாமாவுக்கு இல்லை என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

நேரில் பார்க்கிறேன் என்று அன்று மத்தியானமே காக்ஸ் டவுனுக்கு வந்தார். மாமா படியிறங்கிப் போய்க் கூட்டிவந்து, நாற்காலியைத் துடைத்துப் போட்டு, காபி வரவழைத்தார். இவர் உட்காரவும் இல்லை, மாமா முகத்தைப் பார்க்கவும் இல்லை. வரிசையாக மவுஸ்களைத் தொட்டுக்கொண்டே போனார். பிறகு நேராக வைஃபை பெட்டியிடம் போய்ச் சுவிட்சை அணைத்தார். ஒரு மவுசை எடுத்து அசைத்தார். அம்பு வழுக்கிக்கொண்டு ஓடியது.

"பாத்தீங்களா! மவுசுல ஒரு தப்பும் இல்ல."

மாமா கையில் காபி டம்ளரோடு நின்றார். "சார், வைஃபைய நிப்பாட்டிட்டா கேமு எப்படி சார் ஓடும்?"

"அது கேமோட பிரச்சனை சார்."

இதைச் சொல்லிவிட்டு அவர் அந்த மவுசை மெதுவாக மேஜைமேல் வைத்தார். காபியைக் குடிக்கவில்லை. வெளியில் கொடுப்பதைத் தொடமாட்டாரே, உத்தமர்.

நான் அவரை விடவில்லை. வைஃபையை அணைத்துத்தான் சோதித்தோம் என்ற ஒரு வரியைக் கட்டுரையில் சேர்க்க வேண்டும், அடுத்த மாமா யாராவது ஏமாறக் கூடாது என்று இரண்டு நாள் நச்சரித்தேன். மூன்றாம் நாள், "நீங்க சொல்றது கரெக்ட்மா. நேர்மைன்னா நேர்மைதான்" என்று அவரே உட்கார்ந்து தட்டச்சு செய்தார். அத்தனை காலத்தில் அவர் தன் கையால் தளத்தில் எழுதிய ஒரே குறிப்பு அதுதான் என்று நினைக்கிறேன்.

'இந்த மவுசைச் சோதித்தபோது எங்கள் மதிப்பீட்டாளர் ஷீலா வைஃபையை அணைத்து வைத்திருந்தார் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறோம். மவுசின் மதிப்பெண்ணில் மாற்றம் இல்லை.'

படித்துவிட்டு அவர் அறைக்குப் போனேன். "என் பேர ஏன் சார் போட்டீங்க?" என்று கேட்டேன். அவர் நிஜமாகவே குழம்பிப்போனார். "வேற என்னம்மா பண்றது? மவுசு மேல பழி போட முடியுமா?" என்றார். அவர் கண்ணில் கள்ளம் துளிகூட இல்லை. இது நடந்து மூன்று வருடம் ஆகிறது. அந்த முகத்தை நினைக்கும்போதெல்லாம் வருவது கோபமா அருவருப்பா என்று பிரித்துப் பார்க்க நான் முயல்வதில்லை. அன்றே வேலையை விட்டேன். நோட்டீஸ் நாட்களை முடித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று பின்னாலேயே மாடிப்படி வரைக்கும் வந்து சொன்னார்.

சனிக்கிழமை சென்டருக்குப் போனேன். மாமா வயர் வைத்த சாதாரண மவுஸ் பதினாலு வாங்கியிருந்தார். எதை வாங்குவது என்று என்னைக் கேட்கவில்லை, தெருமுனைக் கடைக்காரரைக் கேட்டிருக்கிறார். தரையில் உட்கார்ந்து, மேஜைக்கு அடியில் வயர்களை இழுத்து டேப் போட்டு ஒட்டிக்கொண்டிருந்தார். கல்லூரிப் பிள்ளைகளிடமிருந்து ஃபோன் வரவில்லை. நானும் உட்கார்ந்து பெட்டிகளைப் பிரித்துக் கொடுத்தேன். நாலைந்து மவுஸ் முடிந்திருக்கும்.

"நேத்து அந்தக் கட்டுரைய மறுபடியும் எடுத்துப் பாத்தேன் ஷீலா. கீழ புதுசா என்னமோ போட்டிருக்காங்க." டேப்பைப் பல்லால் கடித்து அறுத்தார். "வைஃபைய ஏம்மா ஆஃப் பண்ண?"

அவர் குரலில் கோபம் இல்லை. பிஸ்கட் டின், மவுசுக்கு நியாயம், எக்ஸாம் ஹால் என்று முழுக் கதையும் என் தொண்டை வரைக்கும் தயாராக இருந்தது. ஆனால் ஆபீஸில் வைஃபை பெட்டி இருந்தது என் நாற்காலிக்கு மேலே உள்ள அலமாரியில். ஒவ்வொரு சோதனை நாளிலும் எழுந்து நின்று அந்தச் சுவிட்சை அணைத்தது என் கைதான். முதலாளி எழுதிய அந்தக் குறிப்பில் ஒரு எழுத்தும் பொய் கிடையாது.

"அவருதான் மாமா பண்ணச் சொன்னாரு" என்றேன்.

"நான் அவர கேக்கலையேம்மா. உன்னத்தான கேட்டேன்" என்று சொல்லிவிட்டு, மாமா அடுத்த மவுசுக்காகக் கையை நீட்டினார்.